பருப்பு வேகாத தண்ணீர்

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் மனை வாங்கியிருக்கும் அலுவலக நண்பர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார்: “நீங்க கடலோரத்து ஆளாச்சே. தளம் போட்டா எத்தனை வருஷம் வரும்?” அறுபது, எழுபது என்று ஏதாவது சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்திருக்கலாம். வாய் வரவில்லை. “தண்ணி எங்கேருந்து எடுக்கப் போறீங்க?” என்று திருப்பிக் கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார். கூரையைப் பற்றிக் கேட்டால் கிணற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைத்திருப்பார். அந்த இடத்தில் முழுசாகச் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, வேளாங்கண்ணி போகும் வழியில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. 2021 ஆடி மாதம் ஒரு முற்பகலில், அம்மா மத்தியானம் தலைசாய்க்கும் கட்டிலின் மேல் சீலிங்கிலிருந்து முறம் அகலத்துக்கு ஒரு துண்டு விழுந்தது. அம்மா அப்போது கொல்லையில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் தேங்காய் விழுந்ததாக நினைத்தாளாம். கட்டிலில் கிடந்த துண்டின் ஒரு பக்கம் இருபத்தாறு வருஷமாக நாங்கள் படுத்துக்கொண்டு பார்த்த வெள்ளை. மறுபக்கம் செம்பழுப்பு. அண்ணாந்து பார்த்தால் சுவருக்குச் சுவர் ஒரு கம்பி தெரிந்தது. எட்டு எம்எம் கம்பியாகப் போனது பட்டை பட்டையாக உரிந்து, சில இடங்களில் ஈர்க்குச்சி கனத்துக்கு நின்றது. அந்த இடத்தில் ஏழெட்டு வருஷமாகவே ஒரு கோடு இருந்தது. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்க்கோடு. சாதாரண வெடிப்பு அப்படி நேராக ஓடாது, உள்ளே கம்பி போகிற வழியைத்தான் அது வெளியே வரைந்து காட்டுகிறது என்பது இப்போது தெரிகிறது. அப்போது பொங்கலுக்குப் பொங்கல் பட்டி தடவி வெள்ளையடித்தோம்.

ஓடு பறந்த ராத்திரி

அப்பாவுக்குத் தளம் என்பது ஆடம்பரமில்லை. 1977 நவம்பர் 12 புயல், நாகப்பட்டினத்துக்காரர்களுக்குத் தேதி சொன்னால் போதும். தாத்தா கட்டிய ஓட்டு வீடு அது. அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. விடிவதற்குள் வடக்குப் பக்கத்து ஓடு அத்தனையும் சீட்டுக்கட்டு போலப் பறந்துபோக, பாட்டியும் அத்தைகளும் நெல் குதிருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் வானம் தெரிந்ததைவிட, ஓடு பிய்த்துக்கொண்டு போகும் சத்தம்தான் பயமாக இருந்தது என்பார். வாத்தியார் வேலை கிடைத்து, கடன் வாங்கத் தகுதி வந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஓட்டைப் பிரித்ததுதான். 1995 மாசியில் எங்கள் வீடு மெத்தை வீடானது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில்தான் இருந்தார்கள். வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்த இரவு அது. எங்கள் தளம் அசையவில்லை. மறுநாள் காலை அப்பா வாசலில் நின்ற நிற்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, காற்றே இல்லாத ஒரு முற்பகலில், தளம் தானாக உதிர்ந்தது.

எங்கள் பக்கத்தில் கூரையின் ஆயுள் என்று ஒரு எண் எப்போதும் இருந்ததில்லை. ஒவ்வொரு கூரைக்கும் ஒவ்வொரு கெடு உண்டு. தென்னங்கீற்று என்றால் வருஷத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அதிலும் மட்டையை உப்பனாற்றில் ஊறப்போட்டு முடைந்த கீற்று, நல்ல தண்ணீரில் ஊறியதைவிடக் கூடுதலாக உழைக்கும் என்று கேட்டு வாங்குவார்கள். உப்பு ஏறிய ஓலையைப் பூச்சி சீக்கிரம் தொடாது. (இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீற்றுக்கு ஆயுள் கொடுக்கும் அதே உப்புதான் பின்னால் வரப்போகிறது.) சீமை ஓடு மங்களூரிலிருந்து வந்தது. 1865-இல் அங்கே பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு மேற்குக் கரை முழுக்கப் பரவி, நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. சுட்ட மண்ணுக்கு உப்பு பெரிய எதிரி இல்லை. ஓடு நிற்கும், அடியில் ரீப்பர் கட்டை உளுத்துப்போகும், ஆணி துருப்பிடிக்கும், குரங்கு குதித்தால் உடையும். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஆள் ஏறி, உடைந்ததை மாற்றி, நழுவியதைத் தள்ளிவிட்டு இறங்குவார். தகர சீட்டுக்குக் கடலோரத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஆயுள் இல்லை. கொக்கி போல்ட் துளையைச் சுற்றி முதலில் ஒரு பழுப்பு வளையம் வரும், பிறகு துளை பெரிதாகும், பிறகு ஒரு காற்றுக்குச் சீட்டு மட்டும் பறக்கும், போல்ட் அங்கேயே நிற்கும். சிமெண்ட் சீட்டு துருப்பிடிக்காது. ஆனால் அதைப் பிடித்திருக்கும் கொக்கி பிடிக்கும், கல்நார் தூசி நெஞ்சுக்கும் ஆகாது.

இதிலெல்லாம் ஒரு பொது விஷயம் இருந்தது. கெட்டால் தெரியும். கீற்று இற்றால் வெளிச்சம் வரும், ஓடு உடைந்தால் ஒழுகும், பாத்திரம் வைப்போம், ஆளைக் கூப்பிடுவோம். தளம் மட்டும்தான் இருபது வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் கட்டிலில் விழுகிறது.

கணீர், டொப்

பார்க்க வந்த கொத்தனார் அப்பாவிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். அவருடைய அப்பாதான் 1995-இல் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டவர். ஆகவே வந்தவருக்கு இரட்டைச் சங்கடம்: வாத்தியாரின் வீட்டையும் குறை சொல்ல முடியாது, சொந்த அப்பாவின் வேலையையும் குறை சொல்ல முடியாது. ஏணியைப் போட்டு ஏறி, சுத்தியலின் மரப்பிடியால் சீலிங்கைச் சாணுக்குச் சாண் தட்ட ஆரம்பித்தார். நல்ல இடத்தில் கணீர் என்றது. கெட்ட இடத்தில், பரங்கிக்காயைத் தட்டியது போல, டொப் என்றது. டொப் என்ற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். சாக்பீஸ் அப்பாவின் மேஜை டிராயரிலிருந்து எடுத்தது. நாலு மணிக்குள் வீட்டுச் சீலிங் தப்பாகப் போட்ட கணக்கு நோட்டு மாதிரி இருந்தது.

நான் எதிர்பார்த்தது வேறு. கடற்காற்றுதான் காரணம் என்றால் கிழக்கு அறைதான் முதலில் போயிருக்க வேண்டும். கொண்டல் காற்று நேராக அடிப்பது அங்கேதான். அந்த அறை ஜன்னல் கம்பியை இரண்டு தடவை மாற்றியாயிற்று, கதவுக் கீலுக்கு மாதாமாதம் எண்ணெய் விட வேண்டும், சைக்கிளை அங்கே நிறுத்தவே கூடாது. ஆனால் கிழக்கு அறையில் ஒரே ஒரு வட்டம். கூடத்தில் இரண்டு. மேற்கே, காற்றே எட்டாத நடு அறையிலும் சாமான் அறையிலும்தான் வட்டத்தின் மேல் வட்டம். கொத்தனார் ஏணியின் மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டு தலையைச் சொறிந்தார். “எங்கப்பா கிழக்கேருந்துதான் ஆரம்பிச்சிருப்பாரு. காங்கிரீட்டு போட்டா கிழக்கே பூஜை போட்டுட்டு மேற்க வர்றதுதான். மத்தியானத்துக்கு மேல ஏதாச்சும் மாத்தினீங்களா சார்? மணலு, சிமெண்டு?”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சிமெண்ட் மூட்டை ஒவ்வொன்றையும் கை வைத்து அழுத்திக் கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் இறக்கினாராம். மணல் கொள்ளிடத்து மணல். பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்ததை வேண்டாம் என்று லாரிக்குக் கூடக் கொடுத்து வரவழைத்தது. “நாக்குல வச்சுப் பார்த்துதான்டா எறக்கினேன் மணலை. உப்புக் கரிக்குதான்னு.” கம்பி எந்தக் கடையில், எத்தனை டன், ரசீது எந்த டிரங்குப் பெட்டியில் என்பது வரை சொன்னார். கொத்தனார் “ஆமாங்க சார்” என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

அம்மா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டே, ஏதோ மளிகைக் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்: “தண்ணி மாறுச்சே. காலைல தெருக்குழாய்த் தண்ணி அஞ்சாறு டிரம்முல புடிச்சு வச்சிருந்தோம். பதினொரு மணிக்கே தீர்ந்துபோச்சு. அப்புறம் அடிபைப்புதான். இவன்தான் அடிச்சான், கை கொப்புளிச்சுப்போயி ராத்திரி நான்தான் விளக்கெண்ணெய் தடவினேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அது பருப்பு வேகாத தண்ணில்ல” என்றாள்.

யாரும் பேசவில்லை. எனக்கு அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. பன்னிரண்டு வயது. சித்தாள்கள் வரிசையாக நின்று பாண்டு சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருக்க, நான் கொல்லையில் அடிபைப்பை அடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களின் வேலையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்ட பெருமை. மிக்சர் இயந்திரக்காரர் “தம்பி, தண்ணி!” என்று கத்தும்போதெல்லாம் இன்னும் வேகமாக அடித்தேன். அந்தத் தண்ணீரை நாங்கள் குடித்ததில்லை. சமைத்ததில்லை. அதில் தலைக்குக் குளித்தால் சீப்பு இறங்காது. துணி வெளுத்தால் சோப்பு நுரைக்காது. எந்தத் தண்ணீர் எதற்கு என்று எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். நடு அறைக்கும் சாமான் அறைக்கும் நான் அடித்துக் கொடுத்தது அதுதான். அப்புறம் மூன்று வாரம், மொட்டை மாடியில் பாத்தி கட்டி, காலையும் மாலையும் அதே தண்ணீரை நிறுத்தினோம். பத்து நாளோடு விட்டுவிடுவார்கள் எல்லாரும், நாம் இருபத்தொரு நாள் தண்ணீர் கட்டினோம் என்று அப்பா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா டீயைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “மணலை ருசி பார்த்தேன். தண்ணியைப் பார்க்கணும்னு தோணல. அது நம்ம தண்ணி.”

உப்பு என்ன செய்கிறது

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்தேன். சிமெண்ட் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் இருக்கும்வரை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒரு படலம் உண்டாகி, துருவிடமிருந்து அதைக் காப்பாற்றுகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துளைத்த இடத்தில் துரு. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் வேண்டும். இறுகிய கான்கிரீட்டுக்குள் அதற்கு இடம் ஏது? பிளந்து தள்ளுகிறது. வெளியிலிருந்து காற்றோடு வரும் உப்பு, கம்பியைத் தொட கான்கிரீட்டின் கனத்தைக் கடந்து வர வேண்டும். அதற்கு வருஷங்கள் ஆகும். கலக்கும்போதே உள்ளே போட்ட உப்புக்கு அந்தப் பயணமே இல்லை. முதல் நாளிலேயே கம்பியோடு குடித்தனம்.

இதெல்லாம் ரகசியமும் இல்லை. ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதிநூல், 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை விடுகிறது. அந்த ஒரு வித்தியாசத்திலேயே கதை முழுக்க இருக்கிறது: உப்புக்குக் கான்கிரீட்டின் மேல் அவ்வளவு பகை இல்லை, பகை கம்பியோடு. கடலோரச் சூழலைக் ‘கடுமை’ என்ற வகையில் சேர்த்து, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், கான்கிரீட்டின் வலிமை எம்30 என்ற தரமாவது இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் வீட்டில் கம்பிக்கு அடியில் மூடியிருந்தது என் கட்டைவிரல் நக அகலம். கம்பியைத் தூக்கி நிறுத்த, கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் செண்ட்ரிங் பலகையின் மேல் ஜல்லித் துண்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் சித்தாள்கள் நடந்து மிதித்ததில் எது எங்கே இறங்கியதோ.

நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும் இன்னும் சில பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கிறது. தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சாய்வாகச் செங்குத்தாக நிறுத்திய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டிய சுர்க்கி, கடைசியில் தட்டை ஓடு. சுண்ணாம்பில் கலக்கியது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். பாட்டன் காலத்து மகிமை பாடுவதற்காகச் சொல்லவில்லை. அதிலும் உப்பு ஏறும், பூச்சு பொரியும், உத்தரத்தின் சுவருக்குள் போகும் முனை உளுக்கும். ஆனால் உப்பு தின்பதற்கு அதில் கம்பி இல்லை. மரம் கிடைக்காத காலத்தில் உத்தரத்துக்குப் பதில் இரும்பு உத்தரம் போட்ட டெரஸ்கள் உண்டு. நான் பார்த்தவரை அவைதான் முதலில் தொங்க ஆரம்பித்தன. இரும்பைக் கடலுக்குப் பக்கத்தில் வைத்தால் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாம்பன் ரயில் பாலம் 1914-லிருந்து நூறு வருஷத்துக்கு மேல் நின்றது என்றால், அதற்குச் சாயம் பூசும் வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டிருந்த ஆட்கள்தான் காரணம். எங்கள் வீட்டுக் கம்பிக்குச் சாயம் பூச யாராலும் முடியாது. அது உள்ளே இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்து மீனவக் குப்பங்களில் கீற்றுக்குப் பதிலாக வரிசை வரிசையாகத் தளம் போட்ட வீடுகள் வந்தன. நல்ல எண்ணத்தில் வந்தவைதான். பத்து, பன்னிரண்டு வருஷத்திலேயே பல வீடுகளில் கம்பி தெரிய ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். அவசரமாகக் கட்டியது, எந்தத் தண்ணீரில் கலக்கினார்களோ என்று இப்போது தோன்றுகிறது. சிலர் அந்த வீட்டுக்குள் வலையை அடுக்கிவிட்டு, முன்னால் கீற்றுப் பந்தல் போட்டு அதில் படுக்கிறார்கள். கீற்று இற்றால் இரண்டு நாள் வேலை. தளம் இற்றால் யாரிடம் போவது?

என் கதைக்கே நான் ஒரு ஆட்சேபம் சொல்லியாக வேண்டும். மேற்கு அறைகள் கெட்டதற்கு அடிபைப்புத்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மேற்குப் பக்கம்தான் குளியலறை. அந்தப் பக்கத்து மாடி மடை அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் தேங்கும். ஓதம் இருந்தால் துரு வேகமாக ஏறும். தண்ணீரைச் சோதித்துப் பார்க்கலாமே என்று மைத்துனன் சொன்னான். எந்தத் தண்ணீரை? 2004 டிசம்பரில் கடல் எங்கள் கொல்லைக்கே வந்துபோனது. அதற்குப் பிறகு அந்த அடிபைப்பில் வந்தது வேறு தண்ணீர், இப்போது அதுவும் வருவதில்லை. 1995-இன் தண்ணீருக்கு இன்று இருக்கிற ஒரே சாட்சி அம்மாவின் துவரம்பருப்பு. எனக்கு அது போதும். அப்பாவுக்கும் போதும் என்றுதான் நினைக்கிறேன், அதற்குப் பிறகு அவர் மணலைப் பற்றிப் பேசவில்லை.

ஒட்டு

பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, மேற்குப் பக்கத் தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது என்றார். அப்பா கேட்கவில்லை. இடிக்கும் சத்தத்தை அவரால் கேட்க முடியாது என்று அம்மா தனியாக என்னிடம் சொன்னாள். ஒட்டுப் போடுவது என்று முடிவானது. பொத்தலானதை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினார்கள். தண்ணீர் லாரியில் வந்தது. லாரியிலிருந்து டிரம்மில் இறங்கியதும் அப்பா ஒரு டம்ளர் மொண்டு குடித்துப் பார்த்தார். கொத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை முடிந்து கிளம்பும்போது கொத்தனார் என்னை வாசல் வரை கூட்டிப்போனார். “தம்பி, சார்கிட்ட சொல்லல. ஒட்டுப் போட்ட எடம் நல்லாருக்கும். அதுக்குப் பக்கத்துல பொத்துக்கும். நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான்.” பின்னால் இதற்கும் விளக்கம் படித்தேன். பழுதான கம்பி தான் அரிக்கப்பட்டுக்கொண்டே பக்கத்துக் கம்பியைக் காத்துவந்திருக்கிறது. அதைச் சரிசெய்து மூடியதும், சுற்றிலும் உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பியின் முறை வந்துவிடுகிறது. கொத்தனாருக்கு மின்வேதியியல் தெரியாது. ஆனால் எத்தனை வீட்டில் இரண்டாவது தடவை ஏணி போட்டிருக்கிறார் என்பது தெரியும்.

பிரித்த ஓட்டில் கொஞ்சம் இன்னும் கொல்லையில், வேப்பமரத்தடியில் அடுக்கிக் கிடக்கிறது. தாத்தா காலத்து ஓடு. பாசி பிடித்து, அடுக்கின் அடியில் தேள் குடியிருக்கிறது. கொத்தனார் போகிற போக்கில் ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கணீர் என்றது. கோழிக் கூண்டுக்குக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டார். ஐம்பது ஓடு கொடுத்தோம்.

நண்பருக்கு நான் இன்னும் எண் சொல்லவில்லை. தண்ணீரைச் சோதித்துவிட்டு வாருங்கள், கம்பியைத் தூக்கி நிறுத்த ஜல்லித் துண்டுக்குப் பதிலாகக் கவர் பிளாக் வாங்குங்கள், செண்ட்ரிங் போட்டு முடித்த அன்று நீங்களே அளவுகோலோடு ஏறிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அப்பா இப்போது மாதத்தில் ஒருநாள், பெரும்பாலும் அமாவாசைக்கு மறுநாள், ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சீலிங்கை அறை அறையாகத் தட்டுகிறார். கொத்தனாரின் பழைய சாக்பீஸ் வட்டங்களில் சிலவற்றை அழிக்க வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறார். போன வாரம் போன் செய்தார். அம்மாவின் கால் வலி, தெருவில் நடந்த கல்யாணம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், “சாமான் ரூமுல, போட்ட ஒட்டுக்குத் தெக்கால ஒரு சாண் தள்ளி, டொப்புங்குது. ஐப்பசிக்கு முன்னாடி ஒருதரம் வந்துட்டுப் போ” என்றார்.